தட்டு அறுபத்தொன்று

தட்டு அறுபத்தொன்று, வரிசை எச், குழி பதினாலு.
இது ஒரு முகவரி.
குடியிருப்பது பற்றீரியா.
அதன் வயிற்றுக்குள் மடித்து வைத்திருக்கிறோம்
ஊர்காவற்றுறைப் பனையொன்றின்
ஒரு லட்சத்து இருபதினாயிரம் எழுத்து.

அதுக்குப் பனையைத் தெரியாது.
சோளகம் அடிக்கையில் காவோலை போடுற சத்தம் தெரியாது.
உப்பும் தீனியும் கிடைத்தால் இரண்டாகும்,
இரண்டு நாலாகும்,
ஒவ்வொன்றும் அந்த எழுத்தைப் பிழையில்லாமல்
(அநேகமாய்ப் பிழையில்லாமல்)
ஒப்புவிக்கும்.
குழம்பில் மருந்து கலந்துதான் வளர்க்கிறோம்:
சுமையை இறக்கி வைத்தது சாகும்.

திருநெல்வேலியில், மாடிப்படிக்குக் கீழே,
இந்தக் குளிர்பெட்டிக்குப் பெயர் நூலகம்.
அந்தச் சொல்லை இந்த ஊரில்
ஆரும் சும்மா சொல்லிப்போட்டுப் போகேலாது.
பார்க்க வருகிறவர்கள் ஒரு கணம் பேசாமல் நிற்பார்கள்.
நான் கதவைத் திறந்து
உறைபனியைச் சுரண்டிக் காட்டுவேன்.

ஆணா பெண்ணா என்று ஒரு பனை சொல்லப்
பன்னிரண்டு வருசம், சிலதுக்குப் பதினைந்து.
விதை ஊன்றினவன் கனடா போய்
மகளுக்குக் கலியாணமும் கட்டி வைத்துவிடுவான்,
மரம் இன்னும் வாய் திறந்திராது.
விடை எச் பதினாலுக்குப் பக்கத்தில்
எங்கேயோ இருக்கிறதென்று கிருபாலினி நம்புகிறாள்.
ஆதாரம் போதாது என்பது என் எண்ணம்.
இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.

வாகடூகுவிலிருந்து சலிஃப் என்றொருவன் எழுதினான்.
அங்கேயும் பனை உண்டாம், வேறு இனம்,
நடுமரம் வயிறு வைத்தது.
எச் பதினாலு வேணும், என்ன விலை?
விலை இல்லை, தபால் செலவு மட்டும்.
சுங்கப் படிவத்தில் பெறுமதிக் கட்டத்துக்கு என்ன போட,
யூட் அன்ரன் கேட்டான்.
பூச்சியம் என்றால் உடைத்துப் பார்ப்பாங்கள், அக்கா.
ஒரு டொலர் போட்டோம்.

பேந்து அந்தக் கார்த்திகைப் புயல்.
மூன்று நாள் கரண்ட் இல்லை,
இரண்டாம் நாள் டீசலும் இல்லை.
மைனஸ் எண்பது. மைனஸ் நாற்பத்தொன்று. மைனஸ் ஒன்பது.
யூட் பாசையூருக்கு ஓடி
மீன் ஐஸ் பதினொரு பெட்டி கொண்டு வந்தான்.
விளைமீன் செதில் ஒட்டின ஐஸ்,
அதுக்குள்ளே ஒரு மரம் முழுவதும், துண்டு துண்டாய்.
விடியப் பார்த்தால் பூச்சியத்துக்கு மேலே நாலு.

தொண்ணூற்றாறு தட்டில் மூன்று முளைக்கேல்லை.
அறுபத்தொன்று அதில் ஒன்று.
கிருபாலினி அழவில்லை.
கையுறையைக் கழற்றினாள்,
திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

சலிஃபுக்கு எழுதினேன்.
வந்த உறைக்குள் ஐஸ் இல்லை, கடிதம் இல்லை.
சுண்டுவிரல் அளவில் குழாய்,
ஏகாரில் ஊசியால் குத்தின ஒரு கீறல்.
மூடியில் என் கையெழுத்தைப் பார்த்தே எழுதியிருந்தான்,
எச்சின் நடுக்கோடு என்னுடையதைப் போலவே
வலப்பக்கம் சரிந்து.
பெறுமதி: ஒரு டொலர்.

புதுத் தட்டில் அறுபத்தொன்று என்று எழுதி
அதன் குழியில் அதை விட்டேன்,
முப்பத்தேழு பாகையில் ஓரிரவு.
காலையில் பார்க்கிறேன்:
எச் பதினாலில் பால் சிந்தினது போல் கலங்கல்.
சுற்றிவர முந்நூற்று எண்பத்துமூன்று குழி
தெளிந்து கிடக்கின்றன.
அவற்றை ஆரும் கேட்கவில்லை.
கேட்காததால்
ஆரிடமும் இல்லை.

இனிமேல் கேட்கும்வரை பார்த்திருக்கிறதில்லை.
வாகடூகு, கோயம்புத்தூர், பேராதனை,
பதில் போடாத அந்த பாங்கொக்காரருக்கும் ஒரு பிரதி.
யூட் அன்ரன் படிவக் கட்டோடு வந்து நிற்கிறான்.
தட்டு தொண்ணூற்றிமூன்று, ஊர் நாலு.
அத்தனைக்கும் ஒரு டொலர்தானோ, அக்கா?
ஓம், என்கிறேன்.
எழுது.